நான்கு மூலையா, எதிர் வரிசையா, தேர்ச் சுற்றா? 42 பேர் வகுப்புக்கு எது சரிவரும்

வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை போன வாரம் போன் செய்தார். "அக்கா, பிள்ளைங்களை எழுப்பி நடக்கவிட்டு அவங்களுக்குள்ளேயே பேச வைக்கறதுக்குப் பயிற்சியில ஏழெட்டு வழி சொன்னாங்க. கேக்கறப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு எடுத்து இந்தப் பருவம் முழுக்கச் செய்யலாம்னு பாக்கறேன். எதை எடுக்கட்டும்?"

ஒன்றே ஒன்று என்று அவர் நினைத்ததே எனக்குப் பிடித்தது. வாரம் ஒரு புது விளையாட்டைக் காட்டினால், விதி என்ன என்று புரிந்துகொள்வதிலேயே பிள்ளைகளின் கவனம் போய்விடும், பாடத்துக்கு வராது. போனில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். இருபதுக்கு இருபது அடி அறை, முன்னால் வராண்டா, வெளியே புங்கமரம். பீரியட் 40 நிமிடம். இந்த அளவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு இவற்றில்தான் இருக்கிறது. பயிற்சிக் கூடத்தில் 25 ஆசிரியர்கள், இழுத்துப் போடக்கூடிய நாற்காலிகள், அகலமான ஹால். அங்கே எல்லாமே அழகாக நடக்கும். நம் அறைக்கு வரும்போது பெஞ்சு இடிக்கும், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும், அக்டோபரில் மழை வரும்.

முதலில், நடக்க வைக்காமலே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான் கேள்வி கேட்டு, கை தூக்குகிறவர்களைப் பேசவிட்டு, முழு வகுப்பாக விவாதித்தால், நாற்பது நிமிடமும் பிள்ளைகளே பேசினாலும் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட வராது. உண்மையில் ஏழெட்டுப் பேர்தான் பேசுவார்கள். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஒரு விநாடியில் பதில் சொல்லக்கூடியவர் யார்? எப்போதும் சொல்லும் அதே பிள்ளைதான்.

நம் ஊரில் விவாதம் என்றதும் பட்டிமன்றம் நினைவுக்கு வரும். எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும். ஆண்டு விழாவுக்கு அதைவிட நல்ல நிகழ்ச்சி கிடையாது. ஆனால் அணிக்கு மூன்று பேர், ஒரு நடுவர் என்று ஏழு பேர் பேச, மீதி 35 பேர் கைதட்டுவார்கள். பேசுகிற ஏழு பேரும் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள். அதனால் வாராந்தர வகுப்புக்கு அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பவரோடு பேசவைப்பது இன்னொரு வழி. தனியாக யோசி, ஜோடியோடு பேசு, வகுப்புக்குச் சொல் என்கிற இந்த முறையை மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். எந்தச் செலவும் இல்லை, பெஞ்சை நகர்த்த வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடியும். பேசும் நேரத்தை மட்டும் பார்த்தால் இதுவே போதும் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் எதற்கு எழுப்பி நடக்கவிட வேண்டும்?

என் பதில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில் இருக்கிறது. ஜூனில் உட்கார்ந்த இடம்தான் ஏப்ரல் வரைக்கும். ஒரே தெரு, ஒரே பஸ், ஒரே டியூஷன். அவர்கள் இருவருக்கும் தெரிந்தது ஒன்றேதான். பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம். நடக்கவிட்டால்தான் கடைமடைப் பிள்ளை ஆற்றோரத்துப் பிள்ளையிடம் பேசும். உப்பளத்து வீட்டுப் பிள்ளை நெல் வியாபாரி வீட்டுப் பிள்ளையிடம் பேசும். ஆளை மாற்றித் தராத நடையால் எனக்குப் பெரிய பயன் தெரியவில்லை. ஐந்தாவது பீரியடில், சத்துணவு சாப்பிட்டுவிட்டு வந்து கண் சொருகும் நேரத்தில், எழுந்து நிற்பதே நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் கலைக்க மட்டும் என்றால் இரண்டு நிமிட உடற்பயிற்சி போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், உடலை அசைத்துக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, மூன்றாம் வகையினருக்காகவே நடைச் செயல்பாடு என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். அந்தப் பிரிவின்படி கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் உடன் உளவியலாளர்களும் 2008இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நடக்கவிடுவது எல்லாருக்குமானது. "இவன் அசையற டைப்" என்று ஒரு பிள்ளையின்மேல் பெயர் ஒட்ட வேண்டாம்.

நான்கு மூலை

பயிற்சியில் எல்லாருக்கும் முதலில் பிடித்துப்போவது இதுதான். ஒரு கேள்விக்கு நான்கு விடை, அறையின் மூலைக்கு ஒன்று. தனக்குச் சரியென்று படும் மூலைக்குப் போய் நின்று, அங்கே இருப்பவர்களோடு பேசி, காரணம் சொல்ல வேண்டும். விளக்க இரண்டு நிமிடம் போதும். அட்டை நான்கு எழுதி ஒட்டினால் தயாரிப்பு முடிந்தது.

நான் கேட்ட ஒரு கேள்வி: ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை, அப்போது உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் குறுவை போடலாம், குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருக்கலாம், தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறலாம், நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு வெளிவேலைக்குப் போகலாம். முதல் மூலையில் பாதி வகுப்பு. மூன்றாவது மூலையிலிருந்து ஒரு பெண், "எங்க ஊர்ல போர் போட்டா உப்புத் தண்ணிதான் வரும், நெல்லு எப்படி வரும்?" என்றாள். கடற்கரைக்குப் பக்கத்துக் கடைமடை ஊர்ப் பிள்ளை. முதல் மூலைக்காரர்கள் சிலருக்கு அது புதுச் செய்தி. டெல்டா முழுக்க ஒரே மாதிரி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நிலத்தடி நீர் பற்றி நான் இரண்டு பீரியட் நடத்தியதை அவள் ஒரு வரியில் நடத்திவிட்டாள்.

நன்றாக நடந்த நாள் அது. நடக்காத நாளையும் சொல்கிறேன், அதுதான் முடிவெடுக்க உதவும்.

அதே வகுப்பில் வேறொரு கேள்வி. "போங்க" என்றதும் போனார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு மூலையில் இருந்தவர்கள் முக்கால்வாசி ஒரே தெரு. அடுத்த மூலை இன்னொரு தெரு. வகுப்புத் தலைவன் நின்ற மூலையில் அவன் கூட்டாளிகள் அத்தனை பேர். யாரும் கேள்வியைப் பார்த்துப் போகவில்லை, ஆளைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். நம் கிராமங்களில் தெரு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஊர் போட்டு வைத்திருக்கும் கோட்டை நானே என் அறைக்குள் இன்னொரு முறை போட்டுவிட்டேன் என்று அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

இதற்கு மருந்து உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991 முதல் செய்துவரும் முறையிலிருந்து எடுத்தேன். அவர் வகுப்பில் முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடையைக் குறிக்க வேண்டும். அப்புறம்தான் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. பேசியபின் மறுபடி விடை. நானும் முதலில் நோட்டில் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதச் சொன்னேன். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மூலைக்குப் போக வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் போவது பாதியாகக் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. மஸூர் சொல்லும் இன்னொரு கணக்கும் உதவும்: முதல் முறை 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்விதான் பேச்சுக்கு ஏற்றது. அதற்குக் குறைந்தால் பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும், கூடினால் பேச எதுவும் இல்லை.

இத்தனை செய்தாலும் மூலையில் ஒரு குறை தீராது. ஒரு மூலைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேர் பேசுவார்கள். மற்றவர்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். நின்றுகொண்டு கேட்பதும் உட்கார்ந்து கேட்பதும் ஒன்றுதான்.

கயிற்றுக் கோடு

வராண்டாவில் ஒரு கயிறு. ஒரு முனை "முழுக்க ஒத்துக்கொள்கிறேன்", மறுமுனை "ஒத்துக்கொள்ளவே மாட்டேன்". நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நான்கு மூலையைவிட இது நேர்மையானது என்பேன், ஏனென்றால் பாதி மனசுக்கும் இங்கே இடம் உண்டு.

"நடவைவிட நேரடி விதைப்பே நல்லது" என்று ஒரு முறை கொடுத்தேன். தண்ணீர் மிச்சம், நாற்றங்கால் வேண்டாம், கூலிச் செலவு குறைவு என்று ஒரு முனை நிரம்பியது. ஒரு பெண் மறுமுனையில் தனியாக நின்றாள். அம்மா நடவுக்குப் போகிறவர். "நடவே இல்லன்னா எங்கம்மாவுக்கு அந்த மாசம் வேலை இல்ல" என்றாள். அத்தனை பேருக்கு எதிரில் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை அப்படித் தனியாக நிற்கவிட்டது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். அவள் தைரியசாலி. எல்லாரும் அப்படி இல்லை.

அதனால் இப்போது கோட்டை மடித்துவிடுகிறேன். எல்லாரும் நின்றதும் ஒரு முனையில் இருப்பவர் நடந்துபோய் மறுமுனையில் இருப்பவருக்கு எதிரில் நிற்க, வரிசை அவர் பின்னாலேயே போக, கோடு இரண்டாக மடியும். இரு முனையாரும் ஜோடி. நடுவில் நின்றவர்கள் தங்களுக்குள் ஜோடி. தனியாக நின்ற பிள்ளைக்கு ஓர் ஆள் கிடைக்கிறது, 41 பேருக்குப் பதில் ஒருவரிடம் பேசினால் போதும். மடிக்காத கோட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் இதற்குக் கருத்து வேறுபடும் வாக்கியம் வேண்டும். எல்லாப் பாடத்திலும் அது கிடைக்காது. கணக்கு ஆசிரியர் என்ன செய்வார்? அலகுக்கு ஒரு முறை, பாடத்தைத் தொடங்கும்போது, பத்து நிமிடம். அதற்கு மேல் தேவையில்லை.

எதிர் வரிசை

இரண்டு வட்டம் போட்டு, உள்வட்டத்தார் வெளியே பார்க்க, வெளிவட்டத்தார் உள்ளே பார்க்க நின்று பேசி, மணி அடித்ததும் ஒரு வட்டம் நகர்வது ஒரு முறை. அமெரிக்காவில் ஸ்பென்சர் கேகன் பரப்பியது. நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், கோலாட்டம் பார்த்தவர்கள். அழகான முறை, ஆனால் என் அறையில் முடியாது. வட்டத்துக்கு 21 பேர், ஆளுக்கு 60 சென்டிமீட்டர் என்றால் உள்வட்டமே நான்கு மீட்டர் குறுக்களவு வரும், வெளிவட்டம் ஐந்தரை. அறை ஆறு மீட்டர். பெஞ்சையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டால் நுழையும். மைதானத்துக்குப் போகலாம், வடகிழக்குப் பருவமழை விட்டால்.

வட்டத்தை நிமிர்த்தினால் எதிர் வரிசை. இரண்டு வரிசை எதிரெதிராக நிற்கும். ஒரு வரிசை நகராது. மற்ற வரிசை ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆள் இடம் நகரும். கடைசி ஆள் சுற்றி முதல் இடத்துக்கு வருவார். 21 ஜோடியை ஒரே நீளமாக நிறுத்தினால் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகும். இரண்டு வகுப்பு வராண்டா. பக்கத்து வகுப்பில் ஆசிரியர் நடத்துவது யாருக்கும் கேட்காது. நானும் அப்படித்தான் ஆரம்பித்து, பேச்சு வாங்கினேன். பிறகு ஏழு ஜோடியாக மூன்று சிறு வரிசைகளாகப் பிரித்தேன். ஒரு வரிசை நாலேகால் மீட்டர். பெஞ்சுகளை இரு பக்கச் சுவரோரம் ஒதுக்கினால் இரண்டு வரிசை அறைக்குள், ஒன்று வராண்டாவில். மழை என்றால் மூன்றும் உள்ளே, நெருக்கமாக.

பேசும் நேரத்தைக் கணக்கிடுங்கள். சுற்றுக்கு இரண்டு நிமிடம், ஆளுக்கு ஒன்று. ஆறு சுற்றில் ஒவ்வொரு பிள்ளையும் ஆறு நிமிடம் பேசுகிறது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம்தான். வேறு எந்த முறையிலும் இந்த நேரத்துக்குள் இவ்வளவு பேச்சு எனக்குக் கிடைத்ததில்லை.

அதைவிட முக்கியமானது, ஒரே விஷயத்தை ஆறு பேரிடம் ஆறு தடவை சொல்வது. முதல் தடவை திக்கும். "அது வந்து... அந்த ஒப்பந்தம் இருக்குல்ல..." என்று நிற்கும். இரண்டாவது ஆள் ஒரு கேள்வி கேட்பார், பதில் தெரியாது. மூன்றாவது ஆளிடமிருந்து அந்தப் பதில் கிடைக்கும். ஐந்தாவது தடவை அதே பிள்ளை வருடத்தோடு, காரணத்தோடு, நோட்டைப் பார்க்காமல் சொல்லும். வகுப்பில் மூன்று மாதமாக வாயே திறக்காத ஒரு பையன் ஆறாவது சுற்றில் கையை ஆட்டி ஆட்டிப் பேசியதைப் பார்த்தேன். நான் பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து வரிசைக்குப் பக்கத்தில் போவதில்லை, ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

தெருப் பிரச்சினைக்கும் இதில்தான் வழி கிடைத்தது. நான்கு மூலையில் பிள்ளை ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. "உங்களுக்குப் பிடிச்சவங்களோட ஜோடி சேருங்க" என்றால் இன்னும் மோசம், கடைசியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத இரண்டு பேர் நிற்பார்கள், வருடம் முழுக்க அதே இரண்டு பேர். எதிர் வரிசையில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. வரிசை நகர்கிறது, எதிரில் வருபவரோடு பேச வேண்டும். மறுக்க இடம் இல்லை, வருந்தவும் இடம் இல்லை. வருகைப் பதிவேட்டு எண்ணை வாரத்துக்கு ஒரு விதமாக எண்ணி, சிறு வரிசைகளை மாற்றிக்கொண்டே இருப்பேன். பையனும் பெண்ணும் எதிரெதிரே வரும்போது முதல் வாரம் தலையைக் குனிந்தார்கள். மூன்றாவது வாரம் அது ஒரு விஷயமாகவே இல்லை. ஒரு கை நீளம் இடைவெளி என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டது உதவியது. பெண்களுக்கு அது நிம்மதி.

கால் சரியில்லாத ஒரு பிள்ளை இருக்கிறாள். மூலைக்கு ஓடச் சொல்லும்போதெல்லாம் அவள் கடைசியில்தான் போய்ச் சேர்வாள், அதற்குள் பேச்சு தொடங்கியிருக்கும். எதிர் வரிசையில் அவளுக்கு நகராத வரிசையில் நாற்காலி. மற்றவர்கள் அவளிடம் வருகிறார்கள். எதிரில் வருபவரும் உட்கார்ந்து பேச இன்னொரு நாற்காலியும் போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் அண்ணாந்து பார்த்தே பேச வேண்டியிருக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. தப்பும் வரிசையோடு நடக்கும். "மேட்டூர் அணையைக் கரிகாலன் கட்டினான்" என்று ஒருவர் சொன்னால் ஆறு சுற்றுக்குப் பிறகு ஆறு பேர் சொல்வார்கள். இரண்டாவது சுற்று முடிந்ததும் நிறுத்தி, கேட்டதில் சந்தேகமானதைச் சொல்லச் சொல்லி, அங்கேயே திருத்திவிட வேண்டும். அப்புறம், நகராத வரிசையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே இல்லை. சத்தமும் உண்டு. 21 பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் எச்.எம்.மிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் செய்து பட்டிருக்கிறேன்.

தேர்ச் சுற்று

சுவரில் ஏழு இடத்தில் தாள் ஒட்டி, ஆறு ஆறு பேராகக் குழுக்கள் ஒவ்வொரு தாளிலும் நின்று, படித்து, பேசி, எழுதி, நகர்வது. நான்கு சுவரையும் சுற்றி நின்று நின்று போவதால் என் வகுப்பில் இதற்குத் "தேர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். திருவாரூர் மாவட்டத்துப் பிள்ளைகள் வேறென்ன பெயர் வைப்பார்கள்! முட்டுக்கட்டை போடுகிறவர் என்று குழுவுக்கு ஒருவர், நேரம் பார்ப்பது அவர் வேலை.

இதைப்போல ஆழமான முறை வேறில்லை. காவிரி நீர்ப் பங்கீட்டுக்கு ஏழு தாள் போட்டேன்: கல்லணை, 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத் தலைப்பில் கட்டிய மேலணை, 1924 சென்னை - மைசூர் ஒப்பந்தம், 1934இல் முடிந்த மேட்டூர் அணை, 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பின் 192 டி.எம்.சி., 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் 177.25 டி.எம்.சி. ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வி. முன்னால் வந்த குழு எழுதியதற்குக் கீழே அடுத்த குழு வேறு நிற மையில் எழுத வேண்டும். "இதனால் யாருக்கு லாபம்?" என்று ஒரு குழு கேட்டு வைக்க, அடுத்தடுத்த மூன்று குழு அதற்குப் பதில் எழுதியிருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் நேரம்! ஏழு நிறுத்தம், நிறுத்தத்துக்கு நான்கு நிமிடம், 28 ஆயிற்று. வருகைப் பதிவு, பெஞ்சு ஒதுக்குவது, விளக்குவது எல்லாம் சேர்ந்தால் மணி அடித்துவிடும். முடித்துப் பேச நேரமே இல்லை. முடித்துப் பேசாத தேர்ச் சுற்று வெறும் கண்காட்சிதான். இரண்டு பீரியட் சேர்ந்து கிடைக்கும் நாளில் செய்யுங்கள், இல்லாவிட்டால் குழுவுக்கு நான்கு நிறுத்தம் மட்டும் வையுங்கள். பேனா ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை மாற வேண்டும், இல்லையென்றால் அழகாக எழுதும் பெண்ணே ஏழு தாளிலும் எழுதிக்கொண்டிருப்பாள்.

மழைக்காலத்தில் ஈரச் சுவரில் செல்லோடேப் நிற்காது. ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப்பால் தொங்கவிடுங்கள். சார்ட் வாங்க வேண்டாம், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கமே போதும்.

நிபுணர் குழு

பாடத்தை ஆறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு குழு கற்று நிபுணராகி, பிறகு எல்லாரும் கலைந்து புதுக் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்லிக்கொடுப்பது. எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உருவாக்கினார். நிற அடிப்படையில் பிரிந்திருந்த பள்ளிகளை ஒன்றாக்கியபோது வெள்ளை, கறுப்பு, மெக்சிக வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் பகையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தேவை என்று அமைத்தால் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். என் நான்கு மூலை அனுபவத்துக்குப் பிறகு இதைப் படித்தபோது, நமக்காகவே எழுதியது போல இருந்தது.

ஆனாலும் முதல் முறையாக இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் ஒரு துண்டு போயிற்று. நம் பக்கத்தில் ஊர்த் திருவிழா, கல்யாண முகூர்த்தம், அறுப்பு என்று வருகை திடீரென்று சரியும். துண்டுக்கு இரண்டு பேர் வைத்தால் சமாளிக்கலாம். படித்துப் புரிந்துகொள்ளும் வேகம் மிகவும் வேறுபடும் வகுப்பில், மெதுவாகப் படிக்கும் பிள்ளை "நிபுணராக" நின்று தவிக்கும். எதிர் வரிசையில் சில மாதம் பேசிப் பழகிய வகுப்புக்கு இது வரப்பிரசாதம், பழகாத வகுப்புக்குச் சோதனை. பத்தாம் வகுப்பில் நீளமான பாடங்களை முடிக்க நான் இதைத்தான் நம்புகிறேன்.

பெஞ்சை நகர்த்தும்போது

எந்த முறை என்றாலும் பெஞ்சை ஒதுக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். நம் மாவட்டங்களில் வேலை பார்க்கிற எவருக்கும் அந்தத் தேதி மறக்காது. கதவுக்கு முன்னாலோ, கதவுக்குப் போகும் வழியிலோ ஒரு பெஞ்சுகூட வரக்கூடாது. பைகள் தரையில் கிடக்கக்கூடாது. இரண்டு கதவு இருந்தால் இரண்டும் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளை நகர்த்துவதற்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் கதவு வரை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

சரி, வேதாரண்யத்து ஆசிரியைக்கு என்ன சொல்வது? எதிர் வரிசை. ஏழு ஏழு ஜோடியாக மூன்று. வாரம் ஒரு முறை, பதினைந்து நிமிடம், முடிந்தால் ஐந்தாவது பீரியட். அவர் வகுப்பில் 30 பேர்தான் என்றால் இரண்டு வரிசையே போதும். 50ஐத் தாண்டினால் பாதி வகுப்பு வரிசையில் நிற்கட்டும், பாதி உட்கார்ந்து எழுதட்டும், பிறகு மாறிக்கொள்ளலாம். கயிற்றுக் கோட்டை மடித்து, அலகின் தொடக்கத்தில் எப்போதாவது. நான்கு மூலையை ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு, நோட்டில் எழுதிய பிறகு மட்டும். தேர்ச் சுற்று பருவத்துக்கு ஒரு முறை. நிபுணர் குழுவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

வேகமாக நடத்தி முடிக்க வேண்டும் என்ற அழுத்தம் இருக்கும் ஆசிரியர்கள், வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் எங்கிருந்து எடுப்பது என்று கேட்பார்கள். பாடம் முடிந்ததும் குறு வினாக்களை நீங்கள் திருப்பிச் சொல்லித் தரும் நேரம் இருக்கிறதே, அதை எடுங்கள். அந்த வினாக்களையே வரிசையில் கொடுங்கள்.

முதல் நாளுக்குப் பாடக் கேள்வியே வேண்டாம். "உங்க ஊர்த் தண்ணி எந்த ஆத்துல இருந்து வருது?" என்று கேளுங்கள். காவிரி என்பார்கள். எந்தக் கிளை, எந்த வாய்க்கால், எந்த மதகு என்று எதிரில் நிற்பவர் கேட்க வேண்டும். வெண்ணாறா, வெட்டாறா, அரசலாறா என்று இரண்டாவது சுற்றிலேயே சத்தம் எழும்பும். அன்றைக்கு நகர்வது மட்டும் பழகட்டும்: மணி, ஓர் ஆள் இடம் நகர்வது, கடைசி ஆள் சுற்றி வருவது. செப்டம்பர் முடிவதற்குள் வராண்டாவில் இதைப் பழக்கிவிட்டால், அக்டோபரில் மழை வந்ததும் மூன்று வரிசையையும் அறைக்குள் கொண்டுவர உங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.